பல்லவிக்குத் திரும்பாத பாட்டு

பாடகர் குழு நடத்தப் புதிதாய் வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் பலர் இதைத் தமிழில் வாசித்துவிட்டு டேனிஷில்தான் எனக்குப் பதில் எழுதுவீர்கள். பரவாயில்லை, எழுதுங்கள். எனக்கு இரண்டும் விளங்கும். போன மாதம் ஓகூஸ் நகரத்தில் நாங்கள் எல்லோரும் கூடியபோது உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அன்ரி, மேடையில ஒருத்தர் பிழை விட்டிட்டால் நடத்துற ஆள் என்ன செய்யவேணும்?"

நான் அப்போது "சிரிச்சுக்கொண்டே நடத்தவேணும்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். பிறகு ரயிலில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கே அது பிடிக்கவில்லை. இத்தனை காலம் பாட்டுச் சொல்லிக்கொடுத்துப் பென்சனும் எடுத்துவிட்ட ஒருத்தி சொல்லுகிற பதிலா அது? அதனால்தான் இதை எழுதுகிறேன். பதில் என்னுடையது அல்ல. எண்பதுகளின் நடுப்பகுதியில், பிரெடெரிசியா என்கிற டேனிஷ் ஊரில், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் பார்த்தது.

அவருடைய பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். பெயர் சொன்னால் கைபேசியில் தேடிப் பார்ப்பீர்கள், கதையைக் கேட்கமாட்டீர்கள். நாங்கள் அவரை மாஸ்ரர் என்றுதான் கூப்பிட்டோம். பிரான்சில் ஒரு பெரிய தேவாலயத்தின் பாடகர் குழுவை நடத்தியவர். பாட்டுகள் எழுதுவார். இசைப் பாடசாலையில் படிப்பிப்பார். ஒரு டேனிஷ் பெண்ணைக் கலியாணம் செய்து, அவளுடைய ஊருக்கே வந்துவிட்டார். வந்தவர் அங்கே செய்த மூன்று வேலையையும் இங்கேயும் செய்தார், சின்ன அளவில். அவர் இசையமைப்பாளரா, நடத்துநரா, ஆசிரியரா என்று யாராவது கேட்டால், "எதிரே இருப்பது யார் என்பதைப் பொறுத்தது" என்பார். "வெறும் தாள் இருந்தால் இசையமைப்பாளர். நாற்பது வாய் இருந்தால் நடத்துநர். மூத்திரம் முட்டிய ஒரு ஏழு வயதுப் பிள்ளை இருந்தால் ஆசிரியர்."

நான் அவரிடம் படித்தவள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆட்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பாடசாலையில் சங்கீதம் படிப்பித்து, கோயிலில் ஓர்கன் வாசித்து, ஒரு தலைமுறைப் பிள்ளைகளை அதட்டி வளர்த்துவிட்டுத்தான் அகதியாய் இங்கே வந்தேன். மாஸ்ரரின் குழுவில் பியானோ வாசித்த பெண்ணுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, வேறு ஆள் வேண்டும். அவர் ஒரு ஞாயிறு பூசைக்கு வந்து நான் ஓர்கன் வாசிப்பதைக் கேட்டார். பூசை முடிந்ததும் மாடிப்படி ஏறி வந்து, அரைகுறை ஆங்கிலத்தில், "நீங்கள் மிக வேகமாக வாசிக்கிறீர்கள். புதன்கிழமை வாருங்கள்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. புதன்கிழமை போனேன், இன்னும் வேகமாக வாசித்தேன். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சண்டை பிடிக்காத புதன்கிழமை அபூர்வம்.

ஆனால் அவர் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதைப் பார்த்த அன்று என் வாய் கொஞ்சம் அடங்கியது. ஒரு வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. எல்லோரும் ஒரு சுருதியில் பாட, அவள் மட்டும் எங்கேயோ கீழே நின்று ஒரே ஸ்வரத்தில் இரைந்துகொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்தில் நான் என்ன செய்திருப்பேன்? "நீ வாயை மட்டும் அசை, அம்மா" என்று சொல்லியிருப்பேன். அதுதான் வழக்கம். மாஸ்ரர் பியானோவில் அவளுடைய ஸ்வரத்தைத் தேடிப் பிடித்தார். பிடித்து, வகுப்பு முழுவதையும் அந்த ஸ்வரத்துக்கு வரச் சொன்னார். முப்பது பிள்ளைகளும் இறங்கி வந்து அவளோடு நின்று பாடினார்கள். அந்தப் பிள்ளை திடுக்கிட்டுப் போய் சுற்றிவரப் பார்த்தது. பிறகு எல்லோருமாகச் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறினார்கள், அவளும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த வருடம்தான் எங்கள் ஆட்கள் இலங்கையிலிருந்து கூட்டமாக வரத் தொடங்கியிருந்தார்கள். நகரத்துக்கு வெளியே அகதி முகாம். செய்வதற்கு வேலை இல்லை, கதைப்பதற்கு மொழி இல்லை, பார்ப்பதற்கு மழை மட்டும் இருந்தது. மாஸ்ரர் ஒருநாள் என்னிடம், "உங்கள் கோயிலில் பின்வரிசையில் ஒரு ஆள் பாடுகிறாரே, யார் அது? அவர் பாடும்போது நான் இருக்கிற வாங்கு அதிர்கிறது" என்றார்.

அது மரியநாயகம் அண்ணை. மன்னார்ப் பக்கத்துக் கடல்தொழிலாளி. காற்றுக்கு மேலால் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. மனைவியும் பிள்ளைகளும் ஊரில். தனிய வந்து முகாமில் கிடந்தார். அவரையும், எங்கள் கோயிலில் பாடுகிற இன்னும் ஏழு பேரையும் மாஸ்ரர் நகரத்துப் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார். யாருக்கும் நோட் என்கிற இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. ஒருதரம் கேட்டால் பிடித்துக்கொள்வார்கள், பிடித்ததை விடமாட்டார்கள். அதில் நன்மையும் இருந்தது, தொல்லையும் இருந்தது.

மரியநாயகம் அண்ணைக்குப் புதன்கிழமை என்றால் பெருநாள். மத்தியானமே சவரம் செய்து, இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். "ரீச்சர், கிழமையில ஆறு நாள் நான் ஒரு நம்பர்" என்று ஒருமுறை சொன்னார். "புதன்கிழமைதான் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கள்."

பெயரை அவர்கள் கூப்பிட்ட விதத்தைக் கேட்டால் ஞானஸ்நானம் கொடுத்த குருவானவர் அழுதிருப்பார். ஆனாலும் பெயர் பெயர்தானே.

டென்மார்க்கில் நாலு பேர் சேர்ந்து பாடினால் அது ஒரு சங்கம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிர்வாகக் குழு இருக்கும், தலைவி இருப்பார், யார் எந்தக் கிழமை கேக் கொண்டுவருவது என்ற முறை சுவரில் தொங்கும். எங்கள் தலைவி உயரமான பெண்மணி, தபால் கந்தோரில் பெரிய பதவியில் இருந்தவர், ஆல்ட்டோ என்கிற பெண் கீழ்க்குரல் பாடுபவர். நேர்மையான மனுசி. ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு முதல் ஸ்வரம் கேட்கவேண்டும். எங்கள் ஆட்கள் ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு முகாமில் சப்பாத்துத் தேடுகிறவர்கள். இரண்டுக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பு.

மாரிக்குளிர் தொடங்கியபோது தலைவி பொறுமை இழந்தார். ஒரு புதன்கிழமை, எங்கள் ஆட்கள் போனபிறகு, மாஸ்ரரையும் என்னையும் நிறுத்தி, "எனக்கு அவர்களில் எந்த வெறுப்பும் இல்லை" என்றார். ஒருவர் இப்படித் தொடங்கினால் கதிரையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. "ஆனால் அவர்கள் நோட் வாசிப்பதில்லை. நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துவதில்லை. தனியாக ஒரு குழுவாக இருந்தால் அவர்களுக்கே நல்லது. டிசம்பர்க் கச்சேரியில் எப்படிப் பாடுகிறார்கள் என்று பார்ப்போம். அது முடிந்ததும், காப்பி நேரத்தில், அங்கத்தவர் கையுயர்த்தி முடிவு செய்யட்டும்."

நான் கொதித்துப் போனேன். மாஸ்ரர் தலையை ஆட்டினார். "சரி" என்றார். வெளியே வந்ததும் நான் அவரைப் பிடித்து ஏசினேன். அவர் சைக்கிள் பூட்டைத் திறந்தபடி, "அவர் சொல்வதில் பாதி உண்மை. நிறுத்தவேண்டிய இடத்தில் அவர்கள் நிறுத்துவதில்லைதானே?" என்றார்.

உண்மைதான். அதுதான் வில்லங்கம். இப்போது பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மாஸ்ரருடைய வகுப்புப் பிள்ளை ஒன்று நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தது. அதை வைத்து அவர் டேனிஷில் ஒரு பாட்டுக் கட்டினார். டென்மார்க்குக்கு வந்தபிறகு அவர் எழுதியதில் அவர் மனதுக்கு மிகவும் நெருங்கியது அதுதான். பல்லவி மாதிரி ஒரு பகுதி முதலில் வரும்: விளக்கை ஏற்றி யன்னலில் வை, இன்னும் ஒரு ஆள் வரவேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் அதன் பொருள், எங்கள் ஆட்களுக்கு நான்தான் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். பிறகு முதலாம் சரணம், பல்லவி. இரண்டாம் சரணம், பல்லவி. மூன்றாம் சரணம், அதோடு முடிந்தது. பல்லவிக்குத் திரும்புவதில்லை. எல்லோரும் பல்லவியை எதிர்பார்த்து நிற்கிற இடத்தில் மாஸ்ரரின் கை மூடிக்கொள்ளும். ஒன்றும் வராது. நெடுநேரம் ஒன்றும் வராது.

நீங்கள் தமிழ்க் கோயிலில் பாடியவர்கள்தானே. சரணம் முடிந்தால் வாய் என்ன செய்யும்? தானாகப் பல்லவிக்குப் போகும். பாட்டுப் புத்தகத்தில் போட்டிருக்கவும் தேவையில்லை, யாரும் சொல்லவும் தேவையில்லை. எங்கள் எட்டுப் பேரும் ஒவ்வொரு ஒத்திகையிலும் மூன்றாம் சரணம் முடிந்த கையோடு, அந்த அழகான மௌனத்தின் நடுவே, பெருங்குரலெடுத்து விளக்கை ஏற்றினார்கள். டேனிஷ்காரர் முதல் தடவை சிரித்தார்கள். நாலாம் தடவை சிரிக்கவில்லை.

"அண்ணை, அதில நிப்பாட்டவேணும்" என்றேன்.

"என்ன ரீச்சர், சரணத்தோட நிப்பாட்டுறதோ? ஆளை நடுக்கடலில இறக்கிவிட்ட மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் மரியநாயகம் அண்ணை.

"அவர் அப்பிடித்தான் எழுதியிருக்கிறார்."

"எழுதினவர் எழுதட்டும். விளக்கைக் கொளுத்தாமல் என்னெண்டு போறது?"

மாஸ்ரர் ஏசவில்லை. கையை மூடிக் காட்டுவதை அவர்களுக்கு மட்டும் தனியாகப் பழக்கினார். கை மூடினால் வாய் மூடவேண்டும். விளையாட்டுப் போலப் பலமுறை செய்தார்கள். கச்சேரிக்கு முதல் நாள் ஒத்திகையில் எட்டுப் பேரும் சரியாக நிறுத்தினார்கள். தலைவி கூடத் தலையசைத்தார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

கச்சேரி ஒரு ஞாயிறு பின்னேரம், பாடசாலை மண்டபத்தில். நாலு மணிக்கே வெளியே இருட்டு. யன்னல் யன்னலாக மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார்கள், டிசம்பரில் இங்கே செய்கிற மாதிரி. மண்டபம் நிறைந்திருந்தது. மாஸ்ரரின் பாட்டுத்தான் கடைசி.

மூன்றாம் சரணம் வந்தது. நன்றாக வந்தது என்று சொன்னால் போதாது. அவ்வளவு நாளில் அந்தக் குழு அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. மாஸ்ரரின் கை மூடிக்கொண்டது. எல்லோரும் நிறுத்தினார்கள். மௌனம்.

அந்த மௌனத்துக்குள், பின்வரிசையிலிருந்து, ஒரு குரல். தனிய. விளக்கை ஏற்றி யன்னலில் வை.

மரியநாயகம் அண்ணை. மற்ற ஏழு பேரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணையின் முகத்தில் ரத்தமே இல்லை. பிழை விட்டுவிட்டேன் என்று முதல் சொல்லிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தொடங்கிய குரலை நடுவில் வெட்டவும் அவருக்குத் தெரியவில்லை. ஆல்ட்டோ வரிசையில் தலைவியின் கழுத்து மெல்லத் திரும்பத் தொடங்கியது. நான் பியானோவின் முன்னால் கையை மடியில் போட்டுக்கொண்டு, மாதாவே, இது முடிந்தது, நாளைக்கு எங்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

பிள்ளைகளே, நடத்துகிறவருக்கு அந்த இடத்தில் கிடைப்பது ஒரு மூச்சு நேரம். அதற்குள் அவர் என்னென்ன செய்திருக்கலாம் என்று நான் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். மூடிய கையை இன்னும் இறுக்கிக் காட்டியிருக்கலாம். அண்ணை நிறுத்தியிருப்பார், மண்டபம் நெளிந்திருக்கும். அல்லது ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கலாம். அவர் தனியே அந்த வரியைப் பாடி முடித்துத் தனியே அவமானப்பட்டிருப்பார். பிழை விட்டவர் அவர், பாட்டைக் கட்டியவர் மாஸ்ரர். இரண்டும் எல்லோருக்கும் தெளிவாக விளங்கியிருக்கும்.

மாஸ்ரர் மூடிய கையைத் திறந்தார். திறந்த உள்ளங்கையை அண்ணைக்கு நேரே நீட்டி, அங்கேயே வைத்திருந்தார், பாடு, நான் இருக்கிறேன் என்கிற மாதிரி. என்னைப் பார்த்துப் பியானோ வேண்டாம் என்று தலையாட்டினார். முதல் வரி முடியும்போது இடது கையை ஆல்ட்டோ வரிசைக்குக் கொடுத்தார். தலைவி எதையும் யோசித்திருக்கமாட்டார். கை வந்தால் பாடுவது அவருடைய சுபாவம், பாடினார். அடுத்து சொப்ரானோ. அடுத்து எல்லோரும். இரண்டாம் வரியிலிருந்து முழுக் குழுவும், மெல்லிய குரலில், அண்ணையின் குரலைச் சுற்றி நின்று விளக்கை ஏற்றியது. அண்ணையின் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

கதை இங்கேயே முடிந்தால் நல்லாய்த்தான் இருக்கும். ஆனால் காப்பி இருக்கிறதே.

மேசைகளை இழுத்துப்போட்டு, கேக் வெட்டி, எல்லோரும் உட்கார்ந்தார்கள். தலைவி கையில் நோட்டோடு எழுந்தார். "கடைசிப் பல்லவி என்னுடைய நோட்டில் இல்லை" என்றார் மாஸ்ரரைப் பார்த்து.

"இல்லை" என்றார் மாஸ்ரர்.

நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை உதைத்தேன். 'கடைசி நேரத்தில் நான்தான் மாற்றினேன்' என்று அவர் ஒரு பொய் சொன்னால் எல்லாம் சரிவருமே! சனம் எழுந்து நின்று கைதட்டிய பாட்டு. மாஸ்ரர் காலை நகர்த்திக்கொண்டார்.

"அப்படியானால் அது பிழை" என்றார் தலைவி. "யாருடைய பிழை?"

அந்த ஒரு டேனிஷ் சொல் மரியநாயகம் அண்ணைக்கு நன்றாகத் தெரியும், பிழை என்கிற சொல். ஒத்திகையில் அடிக்கடி கேட்டதுதானே. அவர் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். கோட்டை இழுத்துச் சரிசெய்தார். "நான்" என்றார் டேனிஷில். பிறகு தமிழில் என்னைப் பார்த்து, "ரீச்சர், சொல்லுங்கோ. நான் மறக்கேல்லை. கை மூடினதையும் கண்டனான். வீட்டிலயிருந்து கன நாளாய் ஒரு சேதியும் இல்லை. யன்னலில அந்த மெழுகுதிரியளைக் கண்டவுடன வாய் தன்ரபாட்டில பாடிப்போட்டுது. மற்ற ஏழு பேரும் ஒழுங்காத்தான் நிப்பாட்டினவை. என்னை மட்டும் விலத்தட்டும், அவையை விடட்டும்."

நான் மொழிபெயர்த்தேன்.

பாஸ் என்கிற ஆண் கீழ்க்குரல் வரிசையில் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர் இருந்தார். வாயில் கேக்கோடு கையை உயர்த்தினார். "ஒரு கேள்வி. நானும் அந்தப் பல்லவியைப் பாடினேனே. என்னையும் விலக்குவதா?" என்றார்.

"மாஸ்ரர் கை காட்டினார், அதனால் நீ பாடினாய்" என்றார் தலைவி.

"நீயும்தான் பாடினாய். எனக்கு முன்னமே பாடினாய்."

தலைவி நேர்மையான மனுசி என்று சொன்னேன் அல்லவா. அவர் நோட்டைப் பார்த்தார். நோட்டில் ஒன்றும் இல்லை. "ஆமாம், பாடினேன்" என்றார். பிறகு நோட்டை மூடி, "அப்படியானால் அது எங்கள் எல்லோருடைய பிழை. எல்லோரையும் தனிக் குழுவாக்க முடியாது. அடுத்த விடயம், வரும் புதன்கிழமை கேக் யாருடைய முறை?" என்று கேட்டுவிட்டு, பேனையோடு சுவருக்குப் போனார். எங்கள் எட்டுப் பேரின் பெயரும் அதுவரை அந்த முறையில் இருந்ததில்லை. விருந்தாளிகளிடம் யாரும் கேக் கேட்பதில்லையே. அவர் எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, மரியநாயகம் என்று எழுதினார்.

"என்ன ரீச்சர் எழுதுறா? விலத்திப்போட்டினமோ?" என்று அண்ணை என் காதுக்குள் கேட்டார்.

"இல்லை அண்ணை. வாற புதன் கேக் உங்கட முறை."

அடுத்த புதன்கிழமை என்னுடைய குசினியைப் பிடித்துக்கொண்டு மீன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தார். கேக் என்றால் இனிப்பாக இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தலைவி ஒன்றை முழுதாகச் சாப்பிட்டு, உறைப்பில் கண்ணைத் துடைத்துவிட்டு, முறை முறைதான் என்றார்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது கச்சேரி முடிந்து மாஸ்ரரும் நானும் நடந்து போனபோது நடந்ததை. எனக்கு ஒரே சந்தோசம். "பார்த்தீர்களா, மரியநாயகம் அண்ணை உங்கள் பாட்டுக்கு நல்ல முடிவு தந்துவிட்டார்" என்றேன்.

மாஸ்ரர் நின்றுவிட்டார். "நல்ல முடிவா? அவர் என் பாட்டைக் கொன்றுவிட்டார்" என்றார்.

நான் பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை. அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது தகப்பன் போருக்குப் போனாராம். தாய் ஒவ்வொரு பின்னேரமும் யன்னலில் விளக்கு வைப்பாராம். தகப்பன் வரவில்லை. ஒருநாள் தாய் விளக்கு வைக்காமல் விட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "அந்தப் பின்னேரம்தான் என்னுடைய பாட்டு" என்றார் மாஸ்ரர். "அந்த மௌனத்துக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினேன். பல்லவி வந்தால் அது ஒரு இனிமையான கிறிஸ்மஸ் பாட்டு. அவ்வளவுதான்."

"பிறகு ஏன் கையைத் திறந்தீர்கள்?"

"ஏனென்றால் அந்த நேரத்தில் எனக்கு முன்னால் பாட்டு நிற்கவில்லை. அந்த மனிதர் நின்றார்" என்றார். பிறகு, "நீங்கள் என் காலை உதைத்தது இன்னும் வலிக்கிறது" என்றும் சொன்னார்.

இதை நன்றாகக் கவனியுங்கள். மேடையில் வந்த பிழையை அழகாக்கிவிடலாம் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சில வேளை ஆக்கலாம்தான். மாஸ்ரர் அன்றைக்குச் செய்தது அதுவல்ல. தன்னுடைய பாட்டுக் கெட்டுப்போகும் என்று தெரிந்துகொண்டே ஒரு ஆளைத் தனிய நிற்க விடாமல் பார்த்துக்கொண்டார். எனக்கு அவரில் எத்தனையோ குறை உண்டு, தாளம் உட்பட. ஆனால் அன்றைக்கு அந்தத் தெருவில் அவரை நான் மனதாரக் கும்பிட்டேன். அவருக்குச் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கனம் பிடிக்கும்.

அதற்குப் பிறகு நடந்தது அவருக்கு இன்னும் கொடுமை. ஊருக்கு அந்த முடிவு பிடித்துவிட்டது. முதியோர் இல்லத்தில் பாடினாலும், இன்னொரு ஊருக்குப் போய்ப் பாடினாலும், அந்தப் பாட்டைக் கேட்பார்கள், கடைசிப் பல்லவியோடுதான் கேட்பார்கள். அண்ணை முதல் வரியைத் தனியே பாடுவார், சனம் மூக்கை உறிஞ்சும். மாஸ்ரர் ஒவ்வொரு முறையும் கையைத் திறந்து கொடுத்தார். ஆனால் அச்சடித்த நோட்டில் கடைசிவரை அதைச் சேர்க்கவில்லை. தன்னுடைய மௌனத்தை அவர் தாளில் மட்டும் வைத்திருந்தார்.

மரியநாயகம் அண்ணையிடம் இந்தத் தகப்பன் கதையை நான் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் உடைந்துபோவார் என்று பயம். பிறகு அவருக்கு விசா கிடைத்தது, மீன் பதனிடும் இடத்தில் வேலை கிடைத்தது, கடைசியில் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அந்த வருடமே மாஸ்ரர் பிரான்சுக்குத் திரும்புவதென்று முடிவானது. தாய்க்கு வயதாகிவிட்டது, அங்கே ஒரு இசைக் கல்லூரியில் வேலையும் கிடைத்திருந்தது. வசந்தகாலத்தில், அதே பாடசாலை மண்டபத்தில், பிரியாவிடைக் கச்சேரி. அதற்கு முதல் கிழமைதான் நான் பொறுக்க முடியாமல் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் உடையவில்லை.

"அப்ப இவ்வளவு காலமும் அந்த மனுசன் தன்ர பாட்டை மேடையில கேட்கவே இல்லையோ?" என்றார்.

"இல்லை அண்ணை."

"சரி" என்றார். "எனக்கு வரவேண்டிய ஆக்கள் வந்திட்டினம், ரீச்சர். இனி அவற்ற பாட்டை அவருக்கே குடுப்பம்."

அந்தக் கிழமை முழுவதும் அவர் வீடு வீடாகப் போனாராம். தலைவியின் வீட்டுக்கு, ரயில்வேக் கிழவரின் வீட்டுக்கு, எல்லோரிடமும். அதற்குள் அவருக்கு டேனிஷ் ஓரளவு வந்திருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாஸ்ரரின் முகத்தைப் பார்த்தால் நான் காட்டிக்கொடுத்துவிடுவேனாம். சரியான கணிப்புத்தான்.

பிரியாவிடை அன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அண்ணையின் மனைவி, பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு. வெளியே இன்னும் வெளிச்சம், யன்னலில் விளக்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் சரணம் முடிந்தது. மாஸ்ரர் கையை மூடினார், பிறகு வழக்கம்போலத் திறந்து, உள்ளங்கையை அண்ணைக்கு நீட்டினார்.

அண்ணை பாடவில்லை. வாயை மூடிக்கொண்டு நேரே மாஸ்ரரைப் பார்த்தார்.

மாஸ்ரர் மறந்துவிட்டாரோ என்று நினைத்து விரலை அசைத்தார். ஒன்றும் வரவில்லை. ஆல்ட்டோ வரிசையைப் பார்த்தார். தலைவி நோட்டை மூடி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வரிசை மிச்சமில்லாமல் எல்லா வாயும் மூடியிருந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. நீட்டிய கை அப்படியே காற்றில் நின்றது. மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு தன்னுடைய பாட்டைக் கேட்டார். மேடையில் முதல் தடவையாக, முழுவதையும் கேட்டார். நான் பியானோவின் முன்னால் இருந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

நெடுநேரத்துக்குப் பிறகு கையை இறக்கினார். கண்ணைத் துடைத்தார். சனம் கைதட்டத் தொடங்குமுன், குழுவைப் பார்த்து, அந்தப் பிரெஞ்சு டேனிஷில், கடுமையான குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டார்: "கடைசிப் பல்லவி வரவில்லை. யாருடைய பிழை?"

மரியநாயகம் அண்ணை வாயைத் திறந்தார். ஆனால் தலைவி முந்திக்கொண்டார்.

"எங்கள் எல்லோருடையதும்" என்றார்.